மேலுமலை ஏற்றத்தில் என் நிழல்

இது ஐம்பதுகளில் நடந்தது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபது வயது. ஒரு சித்திரை மாதம், புதன்கிழமை காலை, ஓசூர் போகிற பஸ் மேலுமலை ஏற்றத்தில் பாதி வழியில் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிட்டது. அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் நடந்ததை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எப்போது சொன்னாலும் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டித்தான் சொல்வேன். எழுதும்போது அது முடியவில்லை, அதுதான் குறை.

அந்த பஸ்ஸில் நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசூர்ப் பக்கத்துப் பெண்ணான என்னைப் பாரூர் ஏரிப் பாசனத்தில் கரும்பும் நெல்லும் வைத்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷத்தில் எனக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. முதலாவது மூன்றாம் மாதம். இரண்டாவது ஐந்தாம் மாதம், கையும் காலும் தெரிகிற அளவுக்கு வளர்ந்த பிறகு.

அடேயப்பா, அப்போது எனக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்! முதலாவது போனதற்குப் பப்பாளி காரணம் என்றார்கள். நான் பப்பாளி தின்றதே இல்லை, வேலியோரம் இருந்த மரத்திலிருந்து ஒன்றைப் பறித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். பறித்த கையே போதும் என்று தீர்ப்பாகிவிட்டது. இரண்டாவதற்கு, கொட்டகையில் மாடு கட்டிய கயிற்றை நான் தாண்டியதுதான் காரணமாம். ஊத்தங்கரையிலிருந்து துக்கம் விசாரிக்க வந்த ஒரு சொந்தக்காரர், கிரகணத்தன்று முதுகைச் சொறிந்தாயா என்று கேட்டார். முதுகு அரித்தால் யார்தான் சொறிய மாட்டார்கள்? இப்போது கேலியாக எழுதுகிறேனே தவிர, அன்று அத்தனையையும் நம்பினேன். எந்தக் கயிறு, எந்த நாள், எந்தக் கால் என்று படுத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருப்பேன். அழவும் விடவில்லை. போனதற்காக அழுதால் அடுத்தது தங்காதாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தண்டனை ஒன்று இருந்தது. இரண்டாவதும் போன பிறகு, என் நிழல் எந்தப் பிள்ளைத்தாய்ச்சி மேலும் படக்கூடாது என்று என் மாமியார் கட்டளை போட்டுவிட்டார். பட்டால் அவளுக்கும் கலைந்துவிடுமாம். ஊரிலும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஆகவே தெருவில் இறங்கும்போதே சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வேன். காலையில் கிணற்றுக்குப் போனால் வீதியின் மேலண்டை ஓரம், சாயங்காலம் என்றால் கீழண்டை ஓரம். எதிரே வயிற்றுப்பிள்ளைக்காரி வந்தால், என் நிழல் சுவரில் ஏறும்படி ஒட்டி நின்று வழி விடுவேன். உச்சி வெயில் நேரம் எனக்குப் பிடித்த நேரம், நிழல் காலடியிலேயே கிடக்கும். மணி பார்க்கத் தெரியாத நான் என் நிழலை வைத்துக் கடிகாரம் போல நேரம் சொல்லப் பழகியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தன் மனைவிக்கு ஏழாம் மாதம் வந்தது. வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். ஒரே வீடு, ஒரே வாசல், நான் எவ்வளவுதான் ஒதுங்குவேன்? அவளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை என்னை என் அம்மா வீட்டில் விட்டு வரச் சொல்லி மாமியார் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். சரி என்று கிளம்பியிருப்பேன். ஆனால் அந்த ஊத்தங்கரைச் சொந்தக்காரர் வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளைப் பற்றி அடுப்பங்கரையில் இரண்டு நாளாகக் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. நான் போனால் திரும்பி வர இடம் இருக்குமா என்பதே எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறக்காத மனிதர். என் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கிளம்பும் நேரத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஓடி வந்து ஏறினார்கள். அணைக்கட்டில் கல் சுமக்கிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள். அவளுக்கு நிறைமாதம். சூளகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகிறாளாம். நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தேள் கொட்டியது போல எழுந்து கடைசிப் பலகைக்குப் போய்விட்டேன். அங்கே மாங்காய்க் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். காவேரிப்பட்டணத்துக்காரர், பாரூர்ச் சந்தைக்கும் வருவார், என் கதை முழுக்கத் தெரியும். நான் எழுந்து வந்ததைப் பார்த்து, நல்ல காரியம் செய்தாய் என்பதுபோலத் தலையை ஆட்டினார். எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது.

மேலுமலை ஏற்றத்தில் பஸ் நின்றதும் டிரைவர் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார். சக்கரத்துக்குப் பின்னால் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, பிரேக்கை நம்ப முடியாது, பஸ்ஸுக்குக் கிட்டே ஒருத்தரும் நிற்காதீர்கள் என்று கத்தினார். அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் பள்ளம், நடுவில் ரோடு. தலைக்கு மேல் ஒரு மரம் இல்லை. எல்லாம் பாறையும் சப்பாத்திக்கள்ளியும்தான். மணி ஒன்பதரை இருக்கும், அதற்குள்ளேயே தரை பொரிந்தது. டிரைவரும் கண்டக்டரும் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தாள். வலி எப்போதோ ஆரம்பித்திருக்கிறது, சூளகிரிவரை தாங்கிவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். உட்கார்ந்ததும் பனிக்குடம் உடைந்துவிட்டது. அவள் புருஷன் மருத்துவச்சியைக் கூட்டி வருகிறேன் என்று ரோட்டை விட்டு இறங்கி ஏதோ ஒரு ஊரைப் பார்த்து ஓட்டமாக ஓடினான். என் வீட்டுக்காரரும் மற்ற ஆண்களும் லாரி ஏதாவது வந்தால் நிறுத்துவதற்காக வளைவுக்கு அந்தப் பக்கம் போனார்கள். மிஞ்சியது பெண்கள் மூன்றே பேர். அவள், மாங்காய் அம்மாள், நான்.

மாங்காய் அம்மாள் ஏழு பெற்றவர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையை அப்படியே கவிழ்த்தார். மாங்காய் எல்லாம் சரிவில் உருண்டு போனது. கூடைக்கு அடியில் இருந்த சாக்கை உதறி விரித்து அவளைப் படுக்க வைத்தார். நான் ஒத்தாசைக்குக் கிட்டே போனேன். அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"நீ அப்டியே தள்ளி நில்லும்மா. உன் நெழலு இங்க விழுது பாரு."

பார்த்தேன். என் நிழல் சாக்கின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதறிப் பின்னால் போனேன். அந்தப் பெண்ணோ வெயில் கண்ணில் அடித்து முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினாள். வேர்வை ஆறாக ஓடியது. நினைவு தப்பிவிடும் போல இருந்தது. கொஞ்சம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, இங்கே வந்து வெயிலை மறைத்துக்கொண்டு நில் என்று கையால் கூப்பிட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா வீட்டுப் பக்கம் தெலுங்கு பேசித்தான் வளர்ந்தேன், ஆகவே அவள் பாஷையிலேயே சொன்னேன். எனக்கு இரண்டு போய்விட்டது, என் நிழல் உனக்கு ஆகாது, உன் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்றேன். இத்தனை நாளும் மற்றவர்கள்தான் என்னைப் பற்றி இப்படிச் சொல்வார்கள். என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த வலியிலும் அவள் சிரித்தாள்! சத்தியமாகச் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். பிறகு மாங்காய் அம்மாளுக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னாள்.

"எனக்கு மூணு போச்சும்மா. இது நாலாவது. ஏமி காது, நீ வந்து மறைச்சிக்கினு நில்லு."

ஏமி காது என்றால் ஒன்றும் ஆகாது. இரண்டு வார்த்தை. மூன்று வருஷத்தில் எனக்கு அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னவர்கள் யாரும் இல்லை. மூன்றை இழந்த ஒருத்தி, நாலாவது வெளியே வருகிற நேரத்தில், என்னைக் கிட்டே வா என்கிறாள்! எனக்கு எங்கிருந்துதான் அத்தனை வேகம் வந்ததோ. மாங்காய் அம்மாளைத் தாண்டிப் போய் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். முந்தானையைப் பிரித்து இரண்டு கையாலும் பிடித்து விரித்தேன். என் நிழல் அவள் தலையிலிருந்து வயிறுவரை மூடிவிட்டது. அவள் அப்பாடா என்று மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அப்படியே நின்றேன். முதுகு தீய்ந்தது. கை கடுத்தது. அவள் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன், ஒரு இம்மி வெயில் அவள் மேல் பட விடவில்லை. நிழல் எங்கே விழும் என்ற கணக்கில் அந்தத் தாலுக்காவிலேயே என்னை மிஞ்ச ஆள் இருந்திருக்க முடியாது. மாங்காய் அம்மாள் வேலையைப் பார்த்தார். முக்கச் சொன்னார், மூச்சு வாங்கச் சொன்னார், திட்டினார், கொஞ்சினார். கடைசியில் பிள்ளை வழுக்கிக்கொண்டு அவர் கையில் வந்து விழுந்தது.

ஆனால் அழவில்லை.

நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது. மாங்காய் அம்மாள் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான்தான், என் நிழல்தான் என்று நினைத்தேன். ஓடிவிட வேண்டும் என்றுதான் முதலில் கால் துடித்தது. ஆனால் அந்தப் பெண் கையை ஊன்றித் தலையைத் தூக்கி, என்னாச்சு என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு எப்படி ஓட முடியும்?

எங்கள் கொட்டகையில் மாடு கன்று போட்டால், மூச்சு விடாமல் கிடக்கிற கன்றுக்கு வாயிலும் மூக்கிலும் இருக்கும் கோழையை விரலால் வழித்து எடுத்துவிட்டு, வைக்கோலால் முதுகைப் பரபரவென்று தேய்ப்போம். எத்தனை கன்றுகளுக்கு நான் செய்திருக்கிறேன்! இடம் பொருள் பார்க்கவில்லை, பிள்ளையைப் பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். விரலில் முந்தானையைச் சுற்றி வாயைத் துடைத்தேன். என் தொடை மேல் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தேன். தேய்த்தேன், தேய்த்தேன். மாங்காய் அம்மாள் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அந்தச் சின்ன முதுகு என் கைக்கடியில் ஒரு துள்ளுத் துள்ளியது. ஒரு தும்மல். அப்புறம் பாருங்கள், மலையில் பட்டு எதிரொலிக்கிற மாதிரி ஒரு வீறல்! வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆண்களுக்குக்கூடக் கேட்டதாம். பெண் குழந்தை. நான் சிரித்தேன், அழுதேன், என்ன செய்தேன் என்றே தெரியவில்லை. என் இரண்டு பிள்ளைகளுக்காக அழ விடாத அழுகையெல்லாம் சேர்ந்து அங்கேதான் வந்தது.

தொப்புள்கொடியை அறுக்க மாங்காய் அம்மாள் கூடையில் வைத்திருந்த மாங்காய் நறுக்கும் கத்தியைத் தேடினார். அது மாங்காயோடு சேர்ந்து பள்ளத்தில் போயிருந்தது. அதுவும் நல்லதாகவே போயிற்று. அதற்குள் அணைக்கட்டுக்குச் சிமெண்டு இறக்கிவிட்டு வந்த ஒரு லாரியை என் வீட்டுக்காரர் நிறுத்திக் கொண்டுவந்துவிட்டார். வந்தவர் அப்படியே நின்றார். நான் பிள்ளை பெற்றவளை மறைத்து முந்தானையை விரித்தபடி, மேலெல்லாம் ரத்தமும் புழுதியுமாக, மடியில் ஒரு உயிரோடு உட்கார்ந்திருந்தேன். கொடியை அறுக்காமல் அப்படியே துணியில் சுற்றி, தாயையும் பிள்ளையையும் லாரியில் ஏற்றினோம். ஓடிப்போன புருஷன் மருத்துவச்சி கிடைக்காமல் அழுதுகொண்டே திரும்பி வந்தான், அவனையும் ஏற்றிக்கொண்டோம்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ரோட்டோரத்தில் மாங்காய்க் கத்தியால் அறுக்காமல் கொண்டுவந்ததற்கு எங்களை மெச்சினார். எல்லாம் முடிந்து கட்டிலில் படுத்திருந்த அந்தக் கல் சுமக்கிறவள் சும்மா இருந்தாளா? இந்தம்மாவுக்கும் ரெண்டு போச்சாம், பாருங்க என்று என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். டாக்டரம்மா என்னை உட்கார வைத்துக் கேட்டார். நான் பப்பாளி, கயிறு, கிரகணம், நிழல் என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை நான் கும்பிடுவேன்.

"தானா கலையறதுல பாதிக்கு மேல, கரு ஆரம்பத்துலயே சரியா உருவாகாததாலதான். நீ செஞ்சது ஒண்ணுமே இல்லம்மா" என்றார்.

இரண்டாவது கொஞ்சம் தள்ளிப் போனதால், அதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையே, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும் என்று எங்கள் வீட்டில் மாசமானவளுக்கு அரை வயிறுதான். அதைச் சொன்னதும்தான் அவருக்குக் கோபம் வந்தது. கீரை, கேழ்வரகு, முட்டை என்று சொல்லி, ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். கதவோரம் நின்ற என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு நீங்களும் கையை நீட்டுங்கள் என்றார். பிள்ளை தங்காததற்கு ஆம்பளை கையை யாராவது கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு சட்டைக்கையை மடித்துவிட்டு நீட்டினார். ஊசி குத்தும்போது முகத்தைச் சுளித்தார். எனக்கு என்னவோ அந்த ஊசியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. முடிவு நல்லபடியாகத்தான் வந்தது, இரண்டு பேருக்கும்.

மறுநாள் சாயங்காலம் என் அம்மா வீட்டு வாசலில் அவர் என் துணி மூட்டையைத் திரும்பத் தூக்கினார். எங்கே என்று கேட்டேன்.

"ஊட்டுக்கு. நாளைக்கி வளைகாப்பாச்சே, நீ இல்லாமயா?" என்றார். அவர் வாழ்நாளில் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

ராத்திரி கிருஷ்ணகிரியில் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். மாமியார் நடையில் வழியை மறித்தபடி நின்றார். ரோட்டில் பிள்ளை பிறந்த கதையை என் வீட்டுக்காரர் தடுமாறித் தடுமாறிச் சொல்ல ஆரம்பித்தார், பாதி முடிவதற்குள் கொழுந்தன் மனைவி வெளியே வந்துவிட்டாள். என் முதுகுப் பக்கம் சூரியன். என் நிழல் வாசல் முழுக்க நீண்டு கிடந்தது. பழக்க தோஷம், நான் சட்டென்று இடது பக்கம் ஒதுங்கினேன். அவள் வேண்டுமென்றே இடது பக்கம் வந்தாள். நான் வலது பக்கம் போனேன். அவளும் வலது பக்கம் வந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து என் நிழலுக்கு நடுவில் நின்று, "அக்கா, வெயிலு சுடுது, இப்டியே நில்லு. பொறந்த கதைய மொதல்லருந்து சொல்லு" என்றாள். மாமியார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். என்னமோ பண்ணுங்கள் என்று உள்ளே போய்விட்டார். ஆனால் திரும்பி வரும்போது வளையல் தட்டை என் கையில்தான் கொடுத்தார். பயந்துகொண்டேதான் கொடுத்தார், ஆனாலும் கொடுத்தார். ஆடி மாதம் அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது, கொழுக் மொழுக்கென்று.

எனக்கு அதன் பிறகும் ஒன்று போனது. மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்தத் தடவை நான் கயிற்றையும் கிரகணத்தையும் தேடிக்கொண்டு படுத்திருக்கவில்லை. வாய்விட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் மனைவி கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தாள். ஒரு மாதம் கழித்து அந்த டாக்டரம்மாவிடம் நானே போனேன். பிறகு ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். மலையில் பிறந்த குழந்தையை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. அணை வேலை முடிந்ததும் அவர்கள் எந்தப் பக்கம் போனார்களோ தெரியாது.

இப்போது நான் போச்சம்பள்ளியில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் கடைக்குப் போகும்போது, கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையாகப் பெண்கள் நிற்கிறார்கள். அதில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் போதும், என் தலை தானாகத் திரும்பிச் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்க்கிறது. ஒன்றும் சொல்லாமல் போய், என் நிழல் அவள் முகத்தில் விழுகிற மாதிரி நின்றுகொள்கிறேன், அவளுடைய பஸ் வரும்வரை.